பெருத்த இதயம் ஏன் களைக்கிறது?

தினமும் எடை தூக்கினால் புஜம் பெருக்கிறது, பலமும் கூடுகிறது. இதயமும் தசைதான். ஆனால் எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டர் "இதயம் பெரிசாகியிருக்கு" என்று சொன்னால், அது நல்ல செய்தி இல்லை என்பது கேட்பவருக்குச் சட்டென்று புரிந்துவிடும். ஏன் நல்ல செய்தி இல்லை என்பதுதான் புரிவதில்லை.

இதோடு ஒட்டிய இன்னொரு புதிரும் உண்டு. மாரடைப்பு வந்து, ஐ.சி.யு.வில் கிடந்து, தேறி வீடு திரும்பியவர் நாலைந்து மாதம் நன்றாகத்தான் நடமாடுகிறார். கோயிலுக்குப் போகிறார், கடைக்குப் போகிறார். "கண்டம் தாண்டிட்டாரு" என்று வீட்டில் மூச்சு விடுகிறார்கள். பிறகு ஒருநாள் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது. படுத்தால் நெஞ்சை அடைக்கிறது, இரண்டு தலையணை வைத்தால்தான் தூக்கம். சாயங்காலம் செருப்பு கணுக்காலை இறுக்குகிறது. புதிதாக மாரடைப்பு எதுவும் வரவில்லை. அன்று நின்றுபோன கேடு இன்று எப்படித் தலைதூக்கியது?

இரண்டு புதிருக்கும் விடை ஒன்றே. அதைத் தெரிந்துகொண்டால், இந்த நோயாளிகளுக்குச் செய்யும் இதய அறுவை எதைச் சரிசெய்யும், எதைச் சரிசெய்யாது என்பதும் விளங்கும்.

கடலுக்கு நடுவே ஒரு மாரடைப்பு

நிக்கோபார் தீவுக்கூட்டத்தில் கச்சால் என்றொரு தீவு. சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழ்க் குடும்பங்கள் சில இங்கே ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. போர்ட் பிளேர், இன்றைய பெயரில் ஸ்ரீ விஜய புரம், இங்கிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே இருக்கிறது. போர்ட் பிளேரிலிருந்து சென்னை இன்னும் 1,300 கிலோமீட்டருக்கு மேல் கடல்.

கணக்குப் பார்ப்பதற்காக, இந்தத் தீவில் 52 வயதுத் தொழிலாளி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பீடி பழக்கம் உண்டு, சர்க்கரை இருப்பது தெரியாது. இரவு 2 மணிக்கு நெஞ்சில் பாரம், வியர்வை. "கேஸா இருக்கும்" என்று ஓமத் தண்ணீர் குடித்துப் படுக்கிறார். விடிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போகிறார்கள். பெரிய மருத்துவமனை என்றால் போர்ட் பிளேரின் ஜி.பி. பந்த் மருத்துவமனைதான். அங்கே போக ஹெலிகாப்டர் வேண்டும். ஹெலிகாப்டருக்குப் பகல் வெளிச்சம் வேண்டும், மழைமேகம் விலக வேண்டும். எல்லாம் கூடிவந்து அவர் போர்ட் பிளேரில் இறங்கும்போது 12 மணி நேரம் கடந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம்.

அந்தமான் நிக்கோபார் தீவுகள் வடக்கு தெற்காக 700 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கின்றன. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 3.8 லட்சம். அவர்களில் ஏழில் ஒருவருக்குத் தமிழ்தான் தாய்மொழி. சாலை உள்ள இடத்திலும் பயணம் எளிதில்லை. வட அந்தமானின் டிக்லிபூரிலிருந்து போர்ட் பிளேருக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். வழியில் ஜார்வா மக்களின் காப்புக்காட்டைப் பொது வண்டிகள் பகலில் குறித்த நேரங்களில் மட்டும், அணியாகச் சேர்ந்துதான் கடக்க வேண்டும். இந்தத் தூரமெல்லாம் ஒரு மனிதரின் இதயத்தில் என்னவாக மாறுகிறது என்பதே நம் கணக்கு.

மணிக்கணக்கும் தசைக்கணக்கும்

இதயத்தின் இடது கீழறைதான் உடம்பு முழுவதற்கும் ரத்தம் தள்ளும் அறை. அதன் முன்சுவருக்கும் நுனிக்கும் ரத்தம் ஊட்டும் குழாயை மருத்துவர்கள் எல்.ஏ.டி. என்பார்கள். நம் தொழிலாளிக்கு அடைபட்டது அதுதான்.

குழாய் அடைத்த உடனே தசை செத்துவிடுவதில்லை. 1977இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ரைமரும் ஜென்னிங்ஸும் இதை நாய்களில் அளந்து காட்டினார்கள். இதயக் குழாய் ஒன்றைக் கட்டி, வெவ்வேறு நேரம் கழித்து அவிழ்த்துப் பார்த்தார்கள். 40 நிமிடத்தில் அவிழ்த்தால், அந்தக் குழாயை நம்பியிருந்த தசையில் 38 சதவீதம் செத்திருந்தது. 3 மணி நேரத்தில் 57 சதவீதம், 6 மணி நேரத்தில் 71 சதவீதம். அவிழ்க்காமலே விட்டால் 85 சதவீதம். சாவு சுவரின் உட்புறத்தில் தொடங்கி, மெல்ல மெல்ல வெளிப்புறத்துக்கு நகர்ந்தது.

மனித இதயத்தில் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். பக்கத்துக் குழாய்களிலிருந்து கிளை ஓடி வந்து கொஞ்சம் ரத்தம் கொடுத்தால் தசை கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும். ஆனால் போக்கு இதேதான். முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் அடைப்பைக் கரைத்தாலோ திறந்தாலோ பெரும்பகுதி மிஞ்சும். 12 மணி நேரம் கழித்துத் திறந்தால் மிஞ்சுவது சொற்பம். நம் தொழிலாளிக்கு இடது கீழறைத் தசையில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது என்று கொள்வோம்.

செத்த தசை மீண்டும் முளைப்பதில்லை. சில வாரங்களில் அந்த இடத்தில் தழும்பு கட்டுகிறது. வெள்ளை வெளேரென்று, தோல்பட்டைபோலக் கெட்டியாக, மெலிந்த சுவர். கிழியாமல் பிடித்துக்கொள்ளும், சுருங்கத் தெரியாது.

எக்கோ திரையில் தெரிவது

ஊர்ப்பேச்சில் "பம்பிங் எவ்வளவு?" என்று கேட்கிறோமே, அந்த எண் எக்கோவில் வருகிறது. அறை நிரம்பியிருக்கும்போது உள்ளே இருக்கும் ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒரு துடிப்பில் வெளியேறுகிறது என்பதுதான் அது. வெளியேற்ற வீதம் என்று சொல்லலாம்.

நல்ல இதயம் ஒன்றில் 120 மில்லி நிரம்பி 70 மில்லி வெளியே போகிறது என்றால், பம்பிங் 58 சதவீதம். மாரடைப்புக்கு மறுநாள் நம் தொழிலாளிக்கு அதே 120 மில்லி நிரம்பி 48 மில்லிதான் போகிறது. பம்பிங் 40. உடம்புக்கு இது போதாது.

உடம்பு சும்மா இருப்பதில்லை. ரத்தம் குறைந்ததும் சிறுநீரகம் "தண்ணீர் போதவில்லை" என்று முடிவுகட்டி உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. அட்ரினலின் ஏறுகிறது. அறை கூடுதலாக நிரம்பி விரிகிறது. மாதக்கணக்கில் இப்படி நடந்தால் உயிரோடு இருக்கும் தசை இழைகள் நீள்கின்றன, அறை நிரந்தரமாகவே பெரிதாகிவிடுகிறது. எட்டு மாதம் கழித்து எக்கோ எடுத்தால் 240 மில்லி நிரம்புகிறது, பம்பிங் 28 சதவீதம். "28ஆ!" என்று வீட்டார் பதறுவார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 240இல் 28 சதவீதம் என்பது 67 மில்லி. ஏறக்குறைய பழைய 70 திரும்பிவிட்டது.

நாலைந்து மாதம் அவர் நன்றாக நடமாடியதன் ரகசியம் இதுதான். இதயம் தன் அளவை விலையாகக் கொடுத்து ரத்த ஓட்டத்தை மீட்டது. எடை தூக்கும் புஜத்தில் இழைகள் தடிக்கின்றன. இங்கே இழைகள் இழுபட்டு நீண்டிருக்கின்றன, அறை அகன்றிருக்கிறது. இரண்டும் பெருத்தல்தான் என்றாலும் நடந்தது வேறு.

இரண்டு மடங்கு அறை, இரண்டு மடங்கு சுமை

இந்த ஏற்பாட்டின் கேடு இயற்பியலில் இருக்கிறது. பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் இரு நூற்றாண்டுக்கு முன்பு, நீர்ப்பரப்பின் வளைவைப் பற்றி ஆராய்ந்தபோது கண்ட விதி அது. உள்ளே அழுத்தம் ஒன்றாகவே இருந்தாலும், அறை அகலமாக ஆக, அதன் சுவர் தாங்க வேண்டிய இழுவிசை கூடும். சுவர் மெலிந்தால் இன்னும் கூடும்.

நம் தொழிலாளியின் அறை 120லிருந்து 240 மில்லி ஆயிற்று. சுவர்த்தசையின் மொத்த எடை மாறவில்லை என்றால், அதே தசை இப்போது பெரிய பரப்பில் பரவி மெலிந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், அதே ரத்த அழுத்தத்தை உண்டாக்க ஒவ்வொரு இழையும் ஏறத்தாழ இரண்டு மடங்கு சுமை இழுக்க வேண்டும். அதுவும் ஒரு நாளைக்கு லட்சம் தடவை. சுமை கூடினால் ஆக்சிஜன் தேவை கூடும். மற்றக் குழாய்களிலும் பாதி அடைப்பு இருந்தால் அந்த ஆக்சிஜன் வராது. களைத்த இழைகள் ஒவ்வொன்றாக மடிகின்றன, அறை இன்னும் விரிகிறது, சுமை இன்னும் ஏறுகிறது. அன்று காப்பாற்றிய ஏற்பாடே இன்று இதயத்தைத் தின்கிறது. இதைத்தான் நாட்பட்ட இதயச் செயலிழப்பு என்கிறோம். இதயம் நின்றுபோவது என்று பொருளில்லை. உடம்பு கேட்கும் ரத்தத்தை அதனால் கொடுத்து மாளவில்லை என்று பொருள்.

சிலருக்குத் தழும்பு வெறுமனே விரிவதோடு நிற்காமல் வெளியே பிதுங்கிவிடும். தேய்ந்த சைக்கிள் டயரில் ஓரிடத்தில் டியூப் புடைத்து நிற்குமே, அப்படி. இதயம் சுருங்கும்போது மற்றச் சுவர்கள் உள்ளே வர, இந்த இடம் மட்டும் வெளியே போகும். மகாதமனிக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு இந்தப் புடைப்புக்குள் போய் அடுத்த நொடி திரும்பி வரும், யாருக்கும் உதவாமல். உள்ளே தேங்கிய ரத்தம் கட்டியாக உறைந்து, ஒருநாள் பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம். இதை இதயச்சுவர்ப் புடைப்பு என்போம்.

மாத்திரைகள் இல்லாமல் அறுவை இல்லை

கத்தியைப் பற்றிப் பேசுமுன் மாத்திரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிறுநீரகமும் அட்ரினலினும் செய்யும் அவசர ஏற்பாட்டை அணைப்பதுதான் இன்றைய மருந்துகளின் வேலை. பீட்டா தடுப்பான், ரமிப்ரில் வகை அல்லது அதன் புதிய உறவான சாக்குபிட்ரில்-வல்சார்டன், ஸ்பைரோனோலாக்டோன், சர்க்கரை மருந்தாக வந்து இதய மருந்தான டபாக்ளிஃப்ளோசின் வகை. இந்த நான்கும் சேர்ந்து கிடைத்தால் விரிந்த அறை ஓரளவு சுருங்கவும் செய்யும். ஆயுளும் கூடும். அறுவை செய்தாலும் இவற்றை விட முடியாது. "பைபாஸ் பண்ணியாச்சே, இனி மாத்திரை எதுக்கு?" என்று நிறுத்திவிடுபவர்களை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. அறுவையின் பலனில் பெரும்பங்கை அவர்கள் தூக்கி எறிகிறார்கள்.

சென்னையில் என்ன செய்யலாம்?

பெரிய இதய அறுவைக்குத் தீவுக்காரர்கள் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ வருவது நெடுநாள் வழக்கம். கப்பல் என்றால் மூன்று நாள் அளவில், விமானம் என்றால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ ஊட்டி உயரத்தில் நிற்பதற்குச் சமம். மூச்சு வாங்கும் நிலையில் இருப்பவருக்கு அந்த இரண்டு மணி நேரமும் ஆக்சிஜன் தேவைப்படலாம். ஏறுமுன் மருத்துவரின் அனுமதி கட்டாயம்.

நம் தொழிலாளி சென்னை வந்து ஆஞ்சியோ எடுக்கிறார். மூன்று குழாயிலும் அடைப்பு. முதலில் வரும் யோசனை பைபாஸ். இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவை 1975இல் நடந்ததும் இதே சென்னையில்தான், பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில், டாக்டர் கே.எம். செரியனின் கையால்.

செத்த தசைக்கு ரத்தம் கொடுத்து என்ன பயன் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அசையாத தசையெல்லாம் செத்த தசை இல்லை. ரத்தம் அரைகுறையாக வரும் இடத்தில் இழைகள் வேலையை நிறுத்திவிட்டு உயிரை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். 1980களில் ஷாபுதீன் ரஹீம்தூலா என்ற இதய மருத்துவர் இதை விரிவாக எடுத்துச் சொன்னார். உறங்கும் தசை எனலாம். ரத்தம் வந்தால் விழிக்கும். எக்கோவில் 28 என்று வந்த பம்பிங் பைபாஸுக்குப் பின் 35, 40 என்று சிலருக்கு ஏறுவது இதனால்தான்.

அறை விரிந்ததில் ஈரிதழ் வால்வும் இழுபட்டு ஒழுகலாம். ஒழுக்கு மோசமாக இருந்தால் அதே அறுவையில் ஒரு வளையம் வைத்துத் தைப்பார்கள்.

தழும்பை ஒதுக்கித் தைத்தல்

இனி வருவது அறுவை மருத்துவர்களை அரை நூற்றாண்டு காலம் மயக்கிய யோசனை. அறை பெரிதானதுதானே கேடு, அதைச் சின்னதாக்கிவிட்டால்?

1958இல் ஹூஸ்டனில் டென்டன் கூலி, இதய நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு, புடைப்பை வெட்டி எடுத்து நேர்க்கோட்டில் தைத்தார். உயிர் பிழைத்தவர்கள் உண்டு. ஆனால் இரண்டு கீழறைகளுக்கும் நடுவே உள்ள தடுப்புச்சுவரிலும் தழும்பு இருக்கும். அதைத் தொடாமல் வெளிச்சுவரை மட்டும் இழுத்துத் தைத்தால் அறை கோணலாகிவிடும். பிரெஞ்சு அறுவை மருத்துவர் வின்சென்ட் டோர் 1980களின் நடுவில் இதற்கு மாற்று கண்டார். அதைக் கிட்டத்தில் நின்று பார்க்கலாம்.

மார்பெலும்பு பிளக்கப்பட்டிருக்கிறது. ரத்தம் இயந்திரத்தின் வழியே சுற்றிக்கொண்டிருக்கிறது. முன்சுவரில் தழும்பு எங்கே என்று தேட வேண்டியதில்லை. உள்ளிருக்கும் ரத்தத்தை உறிஞ்சியதும் அந்த இடம் தானாகவே குழிந்து தொய்கிறது. அதன் நடுவே கீறித் திறக்கிறார்கள். உள்ளே உறைகட்டி இருந்தால் ஒரு துணுக்கும் சிந்தாமல் எடுக்க வேண்டும். ஒரு துணுக்கு தப்பினாலும் அது மூளைக்குப் போகக்கூடும். பிறகு விரலால் தடவிப் பார்க்கிறார்கள். வெளிறிய கெட்டித் தழும்பு முடிந்து சிவந்த தசை தொடங்கும் எல்லை விரலுக்குத் தெரியும். அந்த எல்லையில், தடுப்புச்சுவர் உட்பட, உட்புறமாகவே வட்டமாக ஒரு தையல் ஓட்டி, நூலை இழுத்துச் சுருக்குகிறார்கள். வாய் சுருங்குகிறது.

எவ்வளவு சுருக்குவது என்பதில்தான் நோயாளியின் உயிர் இருக்கிறது. கூடுதலாகச் சுருக்கினால் அறையில் ரத்தம் நிரம்ப இடமிருக்காது, மேஜையிலிருந்து இறங்குமுன்பே இதயம் தோற்றுப்போகும். அதனால் அளந்து நீர் நிரப்பிய பலூன் ஒன்றை உள்ளே வைத்து அதைச் சுற்றித் தைப்பதுண்டு. உடற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 50 முதல் 60 மில்லி என்பது வழக்கமான அளவு. நம் தொழிலாளியின் உடற்பரப்பு 1.6 சதுர மீட்டர் என்றால், 80 முதல் 96 மில்லி. மிச்சமிருக்கும் வாயைச் செயற்கைத் துணியாலான ஒட்டுத்துண்டு வைத்துத் தைத்து, தழும்பை அதன்மேல் மடித்து மூடுகிறார்கள். தழும்பு இனி அறைக்கு வெளியே. உள்ளே இருப்பது பெரும்பாலும் உயிருள்ள தசை மட்டும்.

லாப்லாஸ் விதிப்படி பார்த்தால் இது கச்சிதமான தீர்வு. அறை சுருங்கிற்று, இழைகளின் சுமை இறங்கிற்று. எக்கோ படமும் அழகாக வரும். அறுவை மருத்துவர்கள் இதை நம்பியதில் வியப்பில்லை.

ஆயிரம் பேரிடமிருந்து வந்த பதில்

நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தது ஸ்டிச் எனப்படும் பன்னாட்டு ஆய்வு. இந்திய மருத்துவமனைகளும் அதில் பங்கேற்றன. பம்பிங் 35 சதவீதமோ அதற்குக் குறைவோ உள்ள, முன்சுவர் கெட்ட 1,000 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குப் பைபாஸ் மட்டும். மறு பாதிக்குப் பைபாஸோடு அறையைச் சுருக்கும் அறுவையும்.

2009இல் முடிவு வந்தது. சுருங்கி முடித்த நிலையில் அறையின் கொள்ளளவு, பைபாஸ் மட்டும் செய்தவர்களுக்கு 6 சதவீதம் குறைந்திருந்தது. இரண்டும் செய்தவர்களுக்கு 19 சதவீதம். அறை உண்மையிலேயே சின்னதாகியிருந்தது. ஆனால் நான்கு ஆண்டு அளவில் இரு பக்கமும் 28 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். இறந்தவர்களையும் இதயத்துக்காக மறுபடி மருத்துவமனை போனவர்களையும் சேர்த்து எண்ணினால் ஒரு பக்கம் 59, மறு பக்கம் 58. நடக்கும் சக்தியிலும் நெஞ்சுவலியிலும் இரு பக்கமும் ஒரே அளவு முன்னேற்றம்.

படம் தேறியது, மனிதர் கூடுதலாகத் தேறவில்லை. ஒரு விளக்கம் இது: சின்னதாக்கிய அறை விறைப்பாகவும் ஆகிவிடுகிறது, துடிப்புகளுக்கு இடையே எளிதாக நிரம்ப மறுக்கிறது. சுருங்குவதில் கிடைத்த லாபம் நிரம்புவதில் போய்விடுகிறது. டோர் வழியினர் வேறு காரணம் சொன்னார்கள். 19 சதவீதம் போதாது, இன்னும் சுருக்கியிருக்க வேண்டும், தகுந்த நோயாளிகளையும் பொறுக்கியெடுக்கவில்லை என்றார்கள். அதில் உண்மை இருக்கலாம். இருந்தாலும் இதயம் விரிந்த எல்லோருக்கும் சுருக்குத் தையல் என்ற காலம் அன்றோடு முடிந்தது. முடிந்தது நல்லதென்றே நினைக்கிறேன். இன்று தெளிவான பெரிய புடைப்பு இருந்து, மருந்துக்கு அடங்காத மூச்சுத்திணறலோ உறைகட்டித் தொல்லையோ ஆபத்தான துடிப்புக் கோளாறோ இருப்பவர்களுக்கு, கைதேர்ந்த இடத்தில் இதைச் செய்கிறார்கள். அவர்களுக்கு இது இன்றும் நல்ல அறுவைதான்.

பைபாஸின் நீண்ட கணக்கு

அதே ஸ்டிச் ஆய்வின் இன்னொரு பகுதி, பைபாஸே தேவையா என்று கேட்டது. 1,212 பேர். பாதிப் பேருக்கு மருந்து மட்டும், பாதிப் பேருக்கு மருந்தோடு பைபாஸ். முதல் மாதத்தில் அறுவைப் பக்கம்தான் சாவு அதிகம். பலவீனமான இதயத்தை நிறுத்தித் திறப்பதற்கு அந்த விலை உண்டு. ஏறத்தாழ 5 ஆண்டு முடிவில் மருந்துப் பக்கம் 41 சதவீதமும் அறுவைப் பக்கம் 36 சதவீதமும் இறந்திருந்தார்கள். தற்செயல் என்று ஒதுக்கிவிடக்கூடிய வித்தியாசம். விட்டுவிடாமல் தொடர்ந்து கவனித்தார்கள். 10 ஆண்டு அளவில், 2016இல் வெளியான கணக்கில், மருந்துப் பக்கம் 66.1, அறுவைப் பக்கம் 58.9. நடுநிலை ஆயுளில் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு கூடுதல்.

முதலில் ஆபத்தைத் தாங்கி, பலனைப் பின்னால் வாங்கும் ஏற்பாடு இது. அதனால் வயது குறைந்தவர்களுக்கே லாபம் அதிகம். 52 வயதுக்காரருக்கு நான் அறுவைப் பக்கம் சாய்வேன். 80 வயதில் சிறுநீரகமும் பழுதுபட்டவருக்குச் சாய மாட்டேன்.

இந்த ஆய்வில் எதிர்பாராத ஒன்றும் இருந்தது. உறங்கும் தசை நிறைய இருப்பவர்களுக்கே பைபாஸ் ஆயுளைக் கூட்டும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். பரிசோதனையில் அந்தத் தசை தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் பைபாஸின் ஆயுள் பலனில் வேறுபாடு நிறுவப்படவில்லை. அப்படியென்றால் பைபாஸ் செய்யும் முக்கிய வேலை, உறங்கும் தசையை எழுப்புவது அல்ல போலிருக்கிறது. மிஞ்சிய தசையை அடுத்த மாரடைப்பிலிருந்தும் திடீர் மரணத்திலிருந்தும் காப்பதுதான் பெரிய வேலையாக இருக்க வேண்டும். பழுதை மீட்பதைவிட மிச்சத்தைக் காப்பது.

தீவுக்குத் திரும்பியபின்

மருந்தும் பைபாஸும் கைவிட்டால் மிச்சமிருப்பவை மாற்று இதயமும், இதயத்துக்குத் துணையாக மார்புக்குள் பொருத்தும் இயந்திரமும். இரண்டுக்கும் சென்னை பேர்போன ஊர். ஆனால் தானமாகக் கிடைக்கும் இதயம் சாதாரணமாக 4 மணி நேரத்துக்குள் பொருத்தப்பட வேண்டும் என்பதால், காத்திருப்பவர் சென்னையிலேயே தங்கியாக வேண்டும். துணை இயந்திரமோ நாள் தவறாமல் மின்சாரம் கேட்கும், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையும் அடிக்கடி ரத்தப் பரிசோதனையும் கேட்கும். கச்சால் வீட்டில் அதை வைத்து நடத்துவது கடினம்.

பைபாஸ் முடிந்து மார்பு ஆறி, பத்துப் பதினைந்து நாள் கழித்து டாக்டர் சரி என்றால் விமானம் ஏறலாம். தீவில் அவருக்குத் தேவைப்படும் முக்கியமான கருவி ஓர் எடை பார்க்கும் மெஷின். காலையில் சிறுநீர் கழித்ததும் தினமும் எடை பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதையில்லை, தண்ணீர். கால் வீங்கி மூச்சு முட்டும் வரை காத்திருக்காமல் அன்றே சுகாதார நிலையத்துக்குப் போனால் நீரை வெளியேற்றும் லாசிக்ஸ் மாத்திரையின் அளவை மாற்றிச் சமாளித்துவிடலாம். கருவாடும் ஊறுகாயும் அன்றாடம் புழங்கும் வீட்டில் உப்பைக் குறைப்பது சுலபமில்லை. ஆனால் ஒரு துண்டு கருவாடு பிடித்து வைக்கும் தண்ணீரை, பலவீனப்பட்ட இதயம்தான் சுமக்க வேண்டியிருக்கிறது.

முதல் ஊசி

இவ்வளவு கத்தியும் நூலும் ஒட்டுத்துண்டும் எதற்காக? அந்த இரவில் போன தசைக்காக. தழும்பின் அளவு முதல் சில மணி நேரத்தில் தீர்மானமாகிவிடுகிறது, பின்னால் வரும் அறுவைகள் எல்லாம் அந்தத் தீர்மானத்துக்குள்தான் வேலை செய்கின்றன.

ஆஞ்சியோகிராம் கூடம் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு சோதனை நடந்திருக்கிறது. சிறிய மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸ்களையும் பெரிய இதய மையங்களோடு இணைத்தார்கள். சின்ன இடத்தில் ஈ.சி.ஜி. எடுத்து உடனே அனுப்புவது, உறைகட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போடுவது, பிறகு 3 முதல் 24 மணி நேரத்துக்குள் பெரிய மையத்துக்குக் கொண்டுவந்து ஆஞ்சியோ செய்து அடைப்பைச் சரிசெய்வது. 2,420 நோயாளிகளைக் கவனித்த இந்த ஆய்வின் முடிவு 2017இல் வெளிவந்தது. ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தது.

இந்த முறை தீவுகளுக்கென்றே வகுத்ததோ என்று தோன்றுகிறது. கச்சாலில் இரவு 2 மணிக்கு நெஞ்சு வலித்தவர் ஓமத் தண்ணீர் குடித்துப் படுக்காமல் மூன்று மணிக்கே சுகாதார நிலையத்துக் கதவைத் தட்டியிருந்தால், அங்கே ஈ.சி.ஜி. இயந்திரமும், அதைப் போனில் பார்த்துச் சொல்ல ஒரு டாக்டரும், குளிர்பெட்டியில் ஒரு டெனெக்டெப்ளேஸ் ஊசியும் இருந்திருந்தால், மூன்றரைக்குள் ஊசி ஏறியிருக்கும். அதன்பின் ஹெலிகாப்டர் விடிந்த பிறகுதான் வரும் என்றாலும், அது போர்ட் பிளேரில் இறங்கி, மருத்துவத் துணையோடு மாலை விமானத்தில் அவர் சென்னை வந்து சேர்ந்தாலும், 24 மணி நேரம் தாண்டியிருக்காது.